கடைசிவரை பார்த்தவர்கள்

நான் சொல்லப்போவதில் எள்ளளவும் பொய் கிடையாது. சத்தியம். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன். பார்க்காத இடங்களில் பார்த்தவரைக் கேட்டு எழுதுகிறேன். கேட்க ஆள் கிடைக்காத இடங்களில்கூட மனசாட்சிக்கு விரோதமாக ஒரு வரி எழுதவில்லை.

கடைவீதி முனையில் மெத்தைக் கடை வைத்திருந்தவரை எல்லாரும் மெத்தைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். சந்தேகம் ஒன்றுதான் அவருக்கு வியாதி. யாராவது “சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டால், எதற்குக் கேட்டான் என்று சாயங்காலம்வரை யோசிப்பார். காலையில் கண்ணாடி முன்னால் தலை வாரும்போது, எதிரே நிற்கும் ஆளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சீப்பை எடுப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து அவருக்கே மெத்தையைப் பற்றிப் பாடம் நடத்த ஆரம்பித்தபோது, நாமும் ஒரு சேனல் ஆரம்பித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் புதிதாக வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் பெயர் என்னவோ. எல்லாருக்கும் அவர் வைரல் வாத்தியார். கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறந்தவர் போலிருப்பார்.

“உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் பேசுங்க. ஊருக்கே பேசாதீங்க, ஒரே ஒருத்தருக்குப் பேசுங்க. லைக்கை ஆரம்பத்துலயே கேட்டுடுங்க.” இதுதான் முதல் பாடம்.

முதல் இரண்டும் மெத்தைக்காரருக்குப் பிடித்தது. மூன்றாவதில்தான் இடித்தது.

“ஆரம்பத்துலயே எப்படி சார் கேக்கறது? ஆளைப் படுக்க வைக்காம விலை பேசக் கூடாது. எங்க தொழில்ல அது பாவம்.”

“இது மெத்தை இல்ல சார், வீடியோ.”

“ஆள் ஒண்ணுதானே?”

கடைசியில் அவர் தன் தொழில் முறைப்படியே செய்தார். கடையின் பின்கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் நடுவே உட்கார்ந்து, ஸ்பிரிங் மெத்தைக்கும் பஞ்சு மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை ஆற அமர விளக்கினார். கழுத்துக்கும் தலையணைக்கும் உள்ள உறவை விளக்கினார். யாரும் கேட்காத ஒரு கேள்விக்கு, கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டு, பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, “பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க” என்று தாழ்மையாகக் கேட்டுக்கொண்டார்.

மனைவிக்குத்தான் முதலில் காட்டினார். அவள்தான் மனசில் அந்த ‘ஒரே ஒருத்தர்’ இடத்தில் அவர் உட்கார்த்தி வைத்திருந்த ஆள். மறுநாள் கேட்டார்.

“பாத்தியா?”

“பாத்தேங்க. நல்லா இருந்துச்சு.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

அவள் சொன்ன வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொருளை உண்மையில் பார்த்தவர்கள் அதில் ஒரு குறையாவது சொல்வார்கள். குறையே சொல்லாத வாடிக்கையாளர் வாங்கப்போவதில்லை என்று அர்த்தம்.

கணக்கைப் பார்த்தால் அதைவிட விசித்திரம். பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் நடுவில் ஓடாமல் கடைசி நொடிவரை பார்த்திருந்தார்கள். சிலர் அதையே திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். ஆனால் ஒரு லைக் இல்லை. நல்லதாகவோ கெட்டதாகவோ கீழே ஒரு வார்த்தை எழுத ஆளில்லை.

வைரல் வாத்தியார் கணக்கைப் பார்த்துவிட்டு மெத்தைக்காரரைப் பார்த்தார்.

“ஆள் வச்சு ஓட்டறீங்களா சார்?”

“என்ன சார் சொல்றீங்க?”

“நான் போடற வீடியோவையே எங்க அம்மா பாதியில விட்டுட்டுப் போயிடறாங்க. உங்களுது எல்லாரும் முழுசா பாக்கறாங்களாம், ஆனா லைக் போட மட்டும் விரல் இல்லையாம். யாரோ போனை மேசையில வச்சு சும்மா ஓட விடறாங்க.”

அந்தச் சொல் மெத்தைக்காரரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பொறாமைக்காரன் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது யாரோ பரிதாபப்பட்டுச் செய்யும் வேலை. ‘ஐயோ பாவம், இந்த வயசில் ஆசைப்படுகிறார்’ என்று மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்து, ஆள் பிடித்து, வீடு வீடாகப் போனை ஓடவிட்டு வைத்திருந்தால்? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘முழுசாத்தான்’ என்று சொல்லியிருந்தால்? லைக் போகட்டும். அவள் சொன்னது நிஜமா பொய்யா என்பது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு பொறி வைத்தார். அடுத்த வீடியோவில், லைக் கேட்கும் இடத்துக்கும் பிறகு, “இதை என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக் காலையில் என் இடது கால் செருப்பை ஒளித்து வைக்கவும்” என்று பேசிப் பதிவு செய்தார்.

மறுநாள் காலையில் செருப்புகள் இரண்டும் புதுமணத் தம்பதி போல வாசலில் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேங்க. நல்லா இருந்துச்சு.”

அவள் குளிக்கப் போன சமயம் அவள் போனைத் திறந்து பார்த்தார். அந்த வீடியோவுக்குக் கீழே சிவப்புக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்திருந்தது. ஆக, ஓடியிருக்கிறது; அவள் பார்க்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நேரே சலவைக் கடைக்குப் போனார். மைத்துனன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா! வீடியோ பிரமாதம் மாமா!”

“எது பிரமாதம்?”

“எல்லாமே மாமா. அந்தக் குரல் இருக்கே...”

“குரலை விடு. என்ன சொன்னேன்?”

மைத்துனன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “மெத்தையைப் பத்தி மாமா.”

“மெத்தைக்காரன் மெத்தையைப் பத்திப் பேசினான்னு கண்டுபிடிக்க நீ எதுக்குடா?”

சுவரில் மாட்டியிருந்த சட்டைகளில் பாதிக்கு முதுகில் முக்கோணமாகத் தீய்ந்த தடம் இருந்ததை மெத்தைக்காரர் கவனித்தார். வேலையில் கவனம் இல்லாதவன், எதையோ மறைக்கிறவன் என்று மனசில் குறித்துக்கொண்டார்.

அந்த வார வகுப்பில் வைரல் வாத்தியார் அவரை எல்லார் முன்னிலையிலும் சோதித்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். “இன்னைக்கு சாரோட வீடியோவை எல்லாரும் முழுசா பாக்கறோம். இதுல அப்படி என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்” என்று பெரிய திரையில் போட்டு, ஒலிபெருக்கியையும் திருகிவிட்டார்.

“வணக்கம். மெத்தை என்பது...” என்று திரையில் மெத்தைக்காரர் ஆரம்பித்தார்.

முதலில் சாய்ந்தது வாத்தியார்தான். ஹெட்போன் தாடையைத் தாங்கிக்கொள்ள, நின்ற நிலையிலேயே சுவரில் ஒண்டிக்கொண்டார். கேக் வீடியோ போடும் அம்மாள் பக்கத்து ஆளின் தோளில் தலை வைத்தாள். பக்கத்து ஆளுக்குத் தோள் இருப்பதே அப்போது தெரியாது. கீழே பல் ஆஸ்பத்திரியில் மரத்துப்போகும் ஊசி போடாமலே ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள், நோயாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு பேருந்து ஓரமாக ஒதுங்கி விளக்கை அணைத்துக்கொண்டது. வகுப்பு மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் மீன்கள் கண்ணை மூடிக்கொண்டன. மீனுக்கு இமை கிடையாது என்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது, மூடியிருந்தன.

மெத்தைக்காரர் ஒருவர்தான் விழித்திருந்தார். அவர் குரல் அவருக்கு எப்போதும் சுவாரசியமாகத்தான் இருக்கும். அறையைச் சுற்றிப் பார்த்தார். யாராக இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? அவர் நினைத்தது வேறு.

‘நடிக்கிறார்கள்.’

கேக் அம்மாளின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தார். வாத்தியாரின் உள்ளங்காலைச் சுரண்டலாம் என்று குனிந்தார், பூட்ஸ் போட்டிருந்தார். ‘அவளேதான் ஏற்பாடு செய்திருக்கிறாள். என் முகத்தில் கரி பூச மொத்த ஊரையும் படுக்க வைத்திருக்கிறாள்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வாசல் வழியாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போய், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயும் கொடிக்குப் பின்னால் நின்றார். மத்தியான வெயில் முதுகில் அடித்தது. உள்ளே அவள் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் ருசுவாகிவிட்டது. போனை எடுத்து உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

“வணக்கம். மெத்தை என்பது...”

இப்போது எழுந்து போவாள், போன் தானாக ஓடும் என்று காத்திருந்தார். அவள் போகவில்லை. மேசையில் கையை மடித்து வைத்து, அதன்மேல் கன்னத்தை வைத்தாள். அவர் பஞ்சுக்கு வருவதற்குள் அவள் முதுகு மெதுவாக ஏறி இறங்க ஆரம்பித்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் பார்க்காத இடத்தில், யாருக்காக நடிப்பாள்?

வீடியோ முடிந்தது. செருப்பு சமாசாரம் காற்றோடு போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவரும் மறுபடி முதலிலிருந்து நின்றார்.

கொடியில் இருந்த ஈரப் போர்வை அவர் மூக்கில் பட்டுத் தும்மல் வந்துவிட்டது. அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“அங்க என்னங்க பண்றீங்க?”

“நீ அங்க என்ன பண்ற?”

அவள் கன்னத்தில் வளையல் அச்சு பதிந்திருந்தது. பொய் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் கொட்டாவியாக முடிந்தது.

“பாத்தேன்னு சொன்னது பொய்தாங்க. ஒண்ணைக்கூட முழுசா பாத்ததில்ல.”

“ஏன் பொய் சொன்ன?”

“எனக்குத் தூக்கம் வரலைங்க. இன்னைக்கு நேத்து இல்ல, வருஷக்கணக்கா. உங்க கடையிலயே ஒசத்தி மெத்தையைக் கொண்டாந்து போட்டீங்க. அதுலயும் புரண்டுக்கிட்டேதான் கிடந்தேன். மெத்தைக்காரர் பொண்டாட்டிக்கே தூக்கம் வரலன்னு வெளிய தெரிஞ்சா உங்க பொழப்பு என்னங்க ஆகும்? அதான் உங்ககிட்டகூட மூச்சு விடல. உங்க வீடியோ வந்தப்புறம்தான் மனுஷியா தூங்கறேன். தம்பிக்கும் கேட்டதும் கண்ணைச் சொருகுதாம். சட்டையெல்லாம் கருகுது.”

அந்நேரம் அவர் போன் அடித்தது. வைரல் வாத்தியார் விழித்துவிட்டிருந்தார்.

“சார், கண்டுபிடிச்சுட்டேன்! வேகமா பேசுங்க, பின்னால மியூசிக் போடுங்க, நடுநடுவுல கை தட்டுங்க, லைக்கை முதல்லயே கேட்டுடுங்க. ஆள் முழிச்சிருப்பான் சார். நீங்க எங்கயோ போயிடுவீங்க!”

மெத்தைக்காரர் ஜன்னல் கம்பி வழியாக மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் எல்லாம் கேட்டது.

“மியூசிக்கெல்லாம் போட்டீங்கன்னா நான் எங்கங்க போவேன்?” என்றாள்.

“நான் எங்கயும் போகல சார்” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அதற்கப்புறமும் அவர் அப்படியேதான் பேசிப் போடுகிறார். லைக் இன்றுவரை இல்லை. சந்தேகம் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். சில நாட்களில் அவள் மூக்கருகே விரலை நீட்டிப் பார்ப்பதுண்டு. வீடியோவின் கடைசிப் பகுதியில் மட்டும் இப்போதெல்லாம் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொள்கிறார், எழுந்துவிடப் போகிறாளே என்று. முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படும் சங்கதி எதையோ அங்கே அவளிடம் சொல்வதாகக் கேள்வி. என்னவென்று தெரிந்துகொள்ள நானும் எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்தேன். பஞ்சைத் தாண்ட முடியவில்லை.