வைத்தீஸ்வரனின் பெருங்காய வாசனை

வைத்தீஸ்வரன் இறந்த பதினான்காம் நாள் காலை எட்டே முக்காலுக்கு, அவருடைய வாசனை மட்டும் வீட்டிலிருந்து கிளம்பி மட்டாஞ்சேரி பஜாரிலுள்ள கடைக்குப் போயிற்று. தெருமுனையில் ஆட்டோக்காரன் அனில் வண்டியை ஒதுக்கி வழிவிட்டான். "மாமீ, சுவாமி போகுன்னுண்டு கேட்டோ" என்று விசாலாக்ஷிக்குக் குரல் கொடுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனுடைய ஒரு மணிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள். கூட்டுப் பெருங்காயம் செய்கிற குடும்பம் அது, மூன்று தலைமுறையாக. பால்காயம் என்கிற அசல் காயத்தை மைதாவோடும் பிசினோடும் கையாலேயே பிசைந்து பிசைந்து, முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வாசனை அவர் தோலுக்குள்ளேயே குடியேறிவிட்டிருந்தது. சீயக்காய், எலுமிச்சை, எதற்கும் அசையாது. பஜாரில் இரண்டு நாள் இதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் நாள் மிளகு விலைக்குப் போய்விட்டார்கள்.

தங்கமான மனுஷன். ஒரே மகள் தன்யா என்றால் உயிர். பத்து வயதில் ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அப்பா வந்து போனபிறகு வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்ததாம். "இனிமே நீ என் பக்கத்துல வரவேண்டாம்ப்பா. நாணக்கேடா இருக்கு." குழந்தை ஏதோ உளறிற்று என்று விட்டுத் தொலைத்திருக்கலாம். அவர் "சரிடா கண்ணா" என்றார். அதோடு சரி. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களை எதிர்ச் சாரியில் நின்றபடியே பார்த்தார். களமசேரியில் கல்லூரியில் சேர்த்த அன்றும் கேட்டுக்கு வெளியே நின்றார். தன்யாவோ சொன்னதை ஒரு மாதத்தில் மறந்தே போனாள். அவள் கல்யாணத்தில், பெண்ணை மடியில் உட்காரவைத்துத் தாரை வார்க்கிற நேரத்தில், முட்டு வலி என்று சொல்லித் தன் அண்ணா ராமபத்ரனை மணையில் உட்காரவைத்துவிட்டார். ஐயோ, என்ன மனுஷனோ!

தன்யா இப்போது களமசேரியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அப்பாவின் வாசனை கடைக்கு வருகிறது, அம்மாவிடம் வருகிறது, தன்னிடம் மட்டும் வரவில்லையே என்று மூன்று மாதம் உள்ளுக்குள் குமைந்தாள். ஒருநாள் காவலாளி இசக்கிமுத்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமதோறும் ஒங்க அப்பா பஸ்ஸ விட்டு எறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்காரும்மா. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்காரு."

அடுத்த ஞாயிறு அவள் ஓடினாள். அவள் ரோட்டைக் கடந்ததும் வாசனை பஸ் நிறுத்தம்வரை பின்வாங்கியது. அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தாள். "அப்பா ஏம்மா எங்கிட்ட வரமாட்டேங்கறா?"

"நீதானேடி சின்ன வயசுல வராதேன்னு சொன்னே" என்றாள் விசாலாக்ஷி. "முட்டு வலியாவது ஒண்ணாவது! கல்யாணத்துக்கு மறுநாளே மூட்டை தூக்கினார். உன் கூறைப்புடவையில வாசனை ஒட்டிண்டுடும்னு பயம்."

தன்யா ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மட்டாஞ்சேரிக்குப் போனாள். கடையில் அப்பாவின் பலகையில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலைவரை காயம் பிசைந்தாள். விரல் வீங்கியது, அழுகை நிற்கவில்லை. ஏழாம் நாள் அவளை ஏற்றிக்கொண்ட அனில் தன் ஆட்டோவிலேயே மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்த அப்பாவின் மர நாற்காலியைக் களமசேரிக்குக் கொண்டுவந்து அடுக்குமாடிக் கேட்டுக்கு வெளியே போட்டாள். எதிர்ச் சாரியைப் பார்த்து, "அப்பா, எம்மேலயும் அதே வாசனைதான். வந்து உக்காருப்பா" என்றாள். பிறகு வாசனை ரோட்டில் இறங்கியது. இசக்கிமுத்து கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினார். நாற்காலி நிறைந்தது. நாற்பது வயதுத் தன்யா மெதுவாக அந்த மடியில் உட்கார்ந்தாள்.

"முட்டு வலிக்கறதாப்பா?" என்று கேட்டுத் தேம்பினாள்.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் வாசனை லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்கு வருகிறது. அந்த மாடியில் இருக்கிற மற்ற வீடுகளில் அன்றைக்கு மட்டும் சாம்பாருக்குப் பெருங்காயம் போடுவதில்லை.