கேட்காமல் கட்டிய வீடு

ஊரெல்லாம் அவருக்குக் கயிற்றுக்காரர் என்றுதான் பெயர். கட்டடக் கலைஞர்தான், ஆனால் வீடு கட்ட வருகிறவர்களிடம் எடுத்ததும் வரைபடத்தை நீட்டமாட்டார். வெறும் மனையில் கயிறு கட்டி, அறைகளை அதே அளவில் காட்டுவார். குடும்பமே அதற்குள் ஒரு நாள் முழுக்க நடந்து, உட்கார்ந்து, சண்டை போட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பென்சிலைத் தொடுவார். குடியிருப்பவரைக் கேட்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று அவர் எழுதிய புத்தகம் கல்லூரிகளில் பாடம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த வீட்டை மட்டும் யாரையும் கேட்காமல் கட்டினார். மனைவி வேலை மாற்றலாகி வெளியூரில் இருந்த எட்டு மாதத்தில், திரும்பி வரும்போது அசந்துபோகட்டும் என்று கட்டினார். அவளும் அசந்துதான் போனாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, ஒரு வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. போனில் கேட்டால், "வரேன், வரேன்" என்பதோடு சரி. என்னைப் பிடிக்காமலே போய்விட்டதோ என்று பயந்தார். கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

அக்கா வீட்டுச் சமையலறை அவர் கண்ணுக்கு ஒரு குடோன். கோணல்மாணலாக, எது எங்கே என்று தெரியாமல் கிடந்தது. அதில் மனைவி காய் நறுக்க, அக்கா கதவில் சாய்ந்து கதையளக்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் அக்கா, "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினாள்.

"என் மேல கோபமா?" என்றார்.

"உங்க மேல என்ன கோபம்? உங்க கிச்சன் மேலதான்."

"அதுக்கென்ன? ஒரு அடி நகராம எல்லாம் கைக்கு எட்டுமே!" பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடிய சமையலறை அது.

"எட்டுது. ஆனா ஒரு ஆள் நிக்கத்தான் இடம். இருபத்தெட்டு வருஷமா சுவரைப் பார்த்து சமைச்சாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஊரையெல்லாம் கேக்கறீங்க. ஒரு நாளாவது என்னையும் கேப்பீங்கன்னு இருந்தேன்."

சுருக்கென்று தைத்தது. தைத்த கையோடு, அப்பாடா என்றும் இருந்தது. சுவரைத்தானே பிடிக்கவில்லை! சுவரை இடித்துவிடலாம்.

"சரி, இப்ப கேக்கறேன். எப்படி வேணும், சொல்லு."

அவள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். "கூடத்துப் பக்கத்துச் சுவர் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போடணும்."

"உங்க அக்கா வந்தா உக்காரவா?"

"அக்கா எதுக்கு? நீங்க உக்காரத்தான். சும்மா இல்ல, வெங்காயம் உரிச்சுக்கிட்டே எங்கூடப் பேசணும்."