இரவல் நாற்காலிகள்

"சாப்பாட்டு மேசைக்கு ரெண்டு நாற்காலிதானா இருக்கு?" என்று போதனையார் அதட்டலாகக் கேட்டபோது அவர் மனைவிக்கு ஆச்சரியமாக இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அதில் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷருக்கு இன்றைக்குத்தான் எண்ணிப் பார்க்கத் தோன்றியிருக்கிறது.

"உங்களுக்கு ஒண்ணு, உங்க பிள்ளைக்கு ஒண்ணு. வேற யாரு உக்கார்றா?"

"எதிர்த்துப் பேசாதே. அரை மணியில போட்டோ எடுக்க வந்துடுவாங்க. எங்கயாவது போய் ரெண்டு வாங்கிட்டு வா."

போதனையார் என்பது தெரு வைத்த பெயர். வாரப் பத்திரிகை ஒன்றில் 'வாழத் தெரிந்துகொள்வோம்' என்ற பத்தியை அவர் எட்டு வருஷமாக எழுதி வந்தார். கோபத்தை அடக்கு, பொய் சொல்லாதே, பெண்ணைச் சமமாக நடத்து என்று வாரத்துக்கு ஒரு புத்திமதி. ஊருக்குத்தான் உபதேசம். வீட்டில் ஆண்கள் சாப்பிட்டுக் கை கழுவி ஏப்பமும் விட்ட பிறகுதான் பெண்களுக்குத் தட்டு. அதுவும் அடுப்படியில், தரையில்.

போன வாரம் எழுதுகிற வேகத்தில், 'குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்' என்று எழுதிவிட்டார். ஆசிரியர் உருகிப்போய், அட்டைப்படத்துக்கு அந்தக் காட்சியே வேண்டும் என்றுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

மனைவிக்கு ஆறின சோறு பழகிப்போயிருந்தது. மருமகளைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. காலையெல்லாம் மருந்துக் கடையில் நின்றுவிட்டு வந்து, இங்கேயும் ஆண்கள் எழுந்திருக்கும்வரை கரண்டியோடு நிற்பாள். நேற்று தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளாவது முன்னாடி சாப்பிடட்டுமேங்க" என்று மாமியார் அப்போதே கெஞ்சினாள்.

"ஒரு நாள் விட்டுக்குடுத்தா அதுவே வழக்கமாயிடும்" என்றார் போதனையார், எழுதுகிற தாளிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் எழுதிக்கொண்டிருந்த தலைப்பு: 'விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை.'

பக்கத்து வீட்டுத் தையல்காரர் நாற்காலிகளை எடுத்துக் கொடுத்தபடியே கேட்டார்: "என்னம்மா, வீட்டுல விசேஷமா?"

"ஆமாண்ணே. நாங்க சாப்பிடப் போறோம்."

கேமராவோடு வந்தவள் சின்னப் பெண். அவள் விளக்கைச் சரிசெய்யும் நேரத்தில் போதனையார் குனிந்து கிசுகிசுத்தார்: "கைய வாய்கிட்ட கொண்டுபோனா போதும். எடுத்து முடிச்சதும் ரெண்டு பேரும் எழுந்துடணும்."

பெண்கள் இருவரும் அப்படியே செய்தார்கள். சின்னப் பெண் முகம் சுளித்தாள்.

"நடிக்கிற மாதிரியே இருக்கு சார். நிஜமாவே சாப்பிடுங்க."

மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

சூடு நாக்கைச் சுட்டது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சமைப்பதன் ருசியை இத்தனை காலமும் அவள் பிறர் சொல்லித்தான் கேட்டிருந்தாள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது.

நாலைந்து படம் எடுத்துவிட்டு, "போதும் சார்" என்றாள் சின்னப் பெண். போதனையார் இருமினார். பெண்கள் அசையவில்லை. இன்னொரு தரம், சளி பிடித்தவர் மாதிரி இருமினார். மருமகள் பயந்துபோய் மேசையைப் பிடித்துப் பாதி எழுந்தாள். மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரும்மா."

"அத்தை, மாமா பார்க்கிறாரு..."

"பார்க்கட்டும்."

மகன், தட்டில் எதையோ தொலைத்தவன்போலத் தேடிக்கொண்டிருந்தான்.

"சோறு!" என்றார் போதனையார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி முகமெல்லாம் சிரிப்பாக, கேமராக்காரிக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆமாங்க, மேசையில சோறு தீர்ந்துபோச்சு. அடுப்பு மேல பெரிய பாத்திரத்துல இருக்கு, எடுத்துட்டு வாங்க. பிள்ளைத்தாச்சிக்கு முதல்ல போடுங்க. தினமும் நீங்கதான போடுவீங்க, இன்னிக்கு மட்டும் என்ன வெட்கம்?"

அவள் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. சொல்லி முடித்த பிறகும் மருமகளின் கையை விடவில்லை.

போதனையார் திருடனைத் தேள் கொட்டினாற்போல் விழித்தார். இல்லை என்று மறுத்தால் எட்டு வருஷப் பத்தி என்ன ஆவது? எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே ஒரு மூடி உருண்டு விழுந்தது. "கரண்டி எங்க?" என்று ஈனக்குரல் வந்தது. சின்னப் பெண் பைக்குள் வைத்த கேமராவை மறுபடியும் வெளியே எடுத்தாள்.

அந்தப் படம்தான் அட்டையில் வந்தது. நெற்றி வியர்க்க, குனிந்து, மருமகளுக்குப் பரிமாறும் போதனையார். 'சொல்வதைச் செய்யும் சான்றோர்' என்று தலைப்பு. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. நேரில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசகர்களும் வரத் தொடங்கினார்கள், சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு. எந்த நேரம் யார் வருவார்களோ என்று போதனையார் தினமும் கரண்டியைத் தூக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் இரண்டு நாற்காலியும் வாங்கிப் போட்டார்.

ஒரு ஞாயிறு மதியம் வந்த பெரியவர், அந்தக் காட்சியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

"நீங்க குடுத்து வெச்சவங்கம்மா! இப்படி ஒரு மனுஷர் யாருக்குக் கிடைப்பாரு?"

மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நானும் முப்பத்தொரு வருஷம் பரிமாறினேங்க. இவரு குடுத்து வெச்சவருன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லலையே."

பெரியவர் நல்ல நகைச்சுவையைக் கேட்டவர்போல விழுந்து விழுந்து சிரித்தார். போதனையாரும் கூடச் சிரித்து வைத்தார். அவள் சிரிக்கவில்லை. தட்டை நீட்டினாள்.

"போடுங்க, ஆறிடப் போகுது."