கிழியக் கூடாத பை

மோட்டார் கொட்டாயின் மொட்டைத் தளத்தைத் தொடத் தண்ணீருக்கு இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.

காலையில் ஏரி உடைந்து பாய்ந்த வெள்ளம், விக்கிரவாண்டிப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளை ஒரே மூச்சில் விழுங்கியிருந்தது. தப்பித்து மேலே ஏறியவர்கள் இரண்டே பேர். கலைப்பிரியா, அவள் மாமியார் கெங்கம்மாள். மாமனார் தாண்டவராயன் மாடுகளோடு ரோட்டுப் பக்கம் போனவர்தான், தகவலே இல்லை.

விடாத மழையில் கெங்கம்மாளின் பற்கள் தந்தியடித்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. இப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் ஆள் தேற மாட்டாள்.

கலைப்பிரியா தோள்பையிலிருந்து கைக்கடக்கமான பொட்டலத்தை எடுத்து உதறினாள். ஓர் ஆள் நுழையும் பை. வெளியே ஆரஞ்சு, உள்ளே வெள்ளி. உடம்புச் சூட்டை வெளியே விடாது. அவள் வேலை செய்யும் திண்டிவனம் கம்பெனியில் பேரிடர் பயிற்சியின்போது கொடுத்தது. ஆனால் அப்பளத்தைவிட மெல்லிசு. கூரான எதுவும் படக் கூடாது, வாயை முழுக்க மூடினால் மூச்சுக்காற்று நீர்கோத்து உள்ளேயே நனைக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"அத்த, வளையலக் கழட்டுங்க. மெட்டியையும்."

வளையல் உடனே வந்தது. மெட்டி என்றதும் கெங்கம்மாள் நிமிர்ந்தாள்.

"மாட்ட ஓட்டிக்கினு போன மனுசன் எங்க கீறாருன்னே தெரியல. இப்பப் போயி மெட்டியக் கழட்டுன்றியே, உனக்கு நாக்கு எப்படிடி வருது?"

"பை கிழிஞ்சிடும் அத்த!"

"கிழிஞ்சா கிழியட்டும்."

வாதாட நேரமில்லை. துப்பட்டா ஓரத்தைக் கிழித்து மெட்டி விரல்களில் சுற்றி, மாமியாரை உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் மட்டுப்பட்டது. அப்பாடா!

கெங்கம்மாள் புரண்டு காலை மடக்கினாள். ஈரத் துணி நழுவியது.

சர்ர்ர்!

பக்கவாட்டில் நீளமாய் ஒரு கிழிசல். காற்று அதில் புகுந்து இழுத்தது. கலைப்பிரியா பாய்ந்து இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள். விட்டால் பை இரண்டு துண்டு.

தூரத்தில் படகின் மோட்டார் சத்தம்!

எழுந்து துப்பட்டாவை வீசினால் பார்ப்பார்கள். வீசக் கை வேண்டுமே!

"இங்க கீறோம்! இங்க!"

மழை அந்தக் குரலைத் தின்றுவிட்டது. படகுச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"ஏண்டி, கையத் தூக்கி ஆட்டறதுதானே?"

"விட்டா நீங்க வெறச்சிப் பூடுவீங்க அத்த."

கெங்கம்மாள் பைக்குள் ஓரமாய் ஒதுங்கினாள். "ஜல்தியா உள்ள வா. கிழிஞ்சத அடியில வச்சி மேல படு."

ஒருத்திக்கான பையில் இருவர். கிழிசல் கலைப்பிரியாவின் முதுகுக்கடியில் நசுங்கி அடங்கியது. அசைந்தால் மறுபடி வாய் திறக்கும். அவள் அசையவில்லை.

"உன் காலு ஐஸாட்டம் கீது, தள்ளி வைடி."

"எங்கத்த தள்றது? அந்தப் பக்கம் தண்ணி."

விலாவில் ஒட்டியிருந்த மாமியாரின் உடம்பு சூடேறி, நடுங்குவதை நிறுத்தியிருந்தது. மூடாமல் விட்டிருந்த பையின் வாய் வழியே கலைப்பிரியா வெளியே பார்த்தாள்.

தண்ணீர் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.