ஓட்டுநர் எவரிஸ்தோவின் பாட்டு

பரைபா மாநிலத்தின் உலர்நிலத்தைக் காலைக்கதிர் சுடத் தொடங்குமுன்னரே, மரவள்ளி மாவும் வெல்லக்கட்டியும் உப்புக்கண்டமும் கழுதைகளின்மேல் ஏற்றிக்கொண்டு நாற்றிசையினின்றும் வந்து குழுமிய மக்களால் உம்புரானா ஊரின் சனிக்கிழமைச் சந்தை நிரம்பி வழிந்தது. தேவாலயச் சுவரோரம் இரு கழிகளுக்கிடையே கட்டிய கயிற்றில், மரச்செதுக்குப் படம் தாங்கிய சிறுநூல்களைத் துணி உலர்த்துவதுபோல் தொங்கவிட்டு, தான் கட்டிய பாட்டைத் தானே பாடி விற்றுக்கொண்டிருந்தான் லௌரிந்தோ. அறிவுடையீர், அவன் பாடல்வல்லான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவன்மேல் எனக்குள்ள சினம் பெரிதாவதும் அதனாலேயே.

முந்திய மாதத்தில், ஆற்றுப்பாலத்தினின்று பேருந்தொன்று கவிழ்ந்து, பயணியர் பலரோடு ஓட்டுநர் எவரிஸ்தோவும் மாண்டான். செய்தித்தாள் அவ்வூரை எட்டுமுன் லௌரிந்தோவின் நூல் எட்டிவிட்டது. அந்நூலில் எவரிஸ்தோ கரும்புச் சாராயம் குடித்துவிட்டு வண்டி ஓட்டினான். மெய்யாகவே அவன் குடித்தானா என்று லௌரிந்தோ எவரையும் வினவியதில்லை.

பக்கத்துக் கயிற்றில் தன் நூல்களைத் தொங்கவிட்டிருந்த பாவலன் திமொத்தேயோ, ஒன்றும் விலைபோகாத வாட்டத்தோடு அவனை அணுகினான்.

"ரெண்டு பேரும் அதே விபத்தத்தான் எழுதினோம். உன்னுது மட்டும் எப்பிடிய்யா பறக்குது?"

"நீ செத்தவங்களுக்காக அழுதிருக்க. அழுறதுக்குச் சனத்துக்கு வீட்லயே ஆயிரம் இருக்கு, காசு குடுத்து வேற அழுவாங்களா? திட்டுறதுக்கு ஒரு ஆளக் குடு. வாயில ஒட்டிக்கிற மாதிரி மெட்டுப் போடு. முடிவு வர்ற நேரத்துல பாட்ட நிறுத்திடு, தெரிஞ்சுக்கணும்னா வாங்கித்தான் ஆவணும்."

"அந்த ஓட்டுநர் நெசமாவே குடிச்சிருந்தானா?"

"குடிக்கலன்னு செத்தவன் வந்து சண்டை போடப்போறானா?"

சுற்றி நின்றோர் நகைத்தனர். அந்நகைப்பை விலக்கிக்கொண்டு, கறுப்பாடை உடுத்த பெண்ணொருத்தி கயிற்றருகே வந்து நின்றாள்.

"அவரு வரமாட்டாரு. அதான் நான் வந்திருக்கேன். எவரிஸ்தோ பொஞ்சாதி, ஒதிலியா."

வாங்குவதற்காக நீட்டிய கைகள் மெல்ல மடங்கின. எழுத்தில் மட்டுமே தான் கண்டிருந்த மாந்தனுக்கு மனைவி ஒருத்தி இருப்பாள் என்பதை அந்நொடியில்தான் எண்ணிப்பார்த்த லௌரிந்தோ, அவள் முகத்தை நோக்க மாட்டாமல் தன் செருப்பை நோக்கினான்.

"சாராயத்த அவரு கையால தொட்டதில்ல, பாட்டுக்காரரே. பிரேக்கு புடிக்கலன்னு மொதலாளிகிட்டச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாரு. அத எழுதச் சொல்லி நான் வரல. எங்க சின்னவளுக்கு நாலு வயசு. தெருப் பசங்க பாடுறதக் கேட்டு அவளும் உங்க பாட்ட நாள் பூரா பாடுறா. அப்பா பேரு வருதுல்ல, அதான் அவளுக்குப் புடிச்சிருக்கு."

"எல்லாத்தையும் எரிச்சிடுறேம்மா. இப்பவே."

"எரிச்சா அவ மறந்துடுவாளா? அதே மெட்டுல வேற வரி கட்டிக் குடுங்க. அவரு நல்லவருன்னு ஒரு வரி இருந்தாப் போதும்."

கேட்ட மாத்திரத்தில் பாக்களைப் பொழியும் ஆற்றலால் உலர்நிலமெங்கும் பெயர்பெற்றவன், அதே மெட்டில் பாடத் தொடங்கினான்:

"ஓட்டி வந்தான் பாரு எவரிஸ்தோ"

மூச்செடுப்பதற்காக அவன் நின்ற அச்சிறு இடைவெளியில், தீங்கேதும் கருதாமலே, பழகிய நாவினராய்க் கூட்டத்தார் அடுத்த வரியை ஒருமித்து முடித்தனர்:

"ஊத்திக் குடிச்சான் பாரு எவரிஸ்தோ"

பாடி முடித்த பின்னரே தாம் செய்ததை உணர்ந்து அவர்கள் வாய் பொத்தினர். சிலர் சந்தைக்குள் நழுவினர். லௌரிந்தோ வேறு சொல் எடுத்தான். மெட்டு எழுந்தவுடனே, இம்முறை பிறர் எவரும் உதவாமல், அவன் நாவே அப்பழைய வரிக்குச் சென்று நின்றது. மீளத் தொடங்கினான், மீளவும் அவ்வாறே ஆயிற்று.

"அவசரமில்லீங்க," என்றாள் ஒதிலியா. "நான் நிக்கிறேன்."

சொல்லை விற்று உண்போரே, விற்ற நூல்களைத் தேடித் திரட்டித் தீயிலிடுதல் எளிது. ஒரு குழந்தையின் நாவில் இனிக்கும்படி ஏற்றிவிட்ட பொய்யை இறக்குதல் அதனை ஏற்றியவனுக்கும் அரிது. கதிர் உச்சி கடந்து, வாணிகர் கடைகட்டி, கழுதைகள் ஊர்திரும்பிய பின்னரும், முதல் வரியைத் தாண்ட மாட்டாமல் தலைகுனிந்து அமர்ந்திருந்தான் அவன். அவனெதிரே, மகளுக்குக் கொண்டுசெல்ல ஒரு வரி வேண்டி, அவள் நின்றுகொண்டிருந்தாள்.