நன்றிப் பக்கத்தில் இருந்த பெயர்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுவது அவள் வேலை. உருளை இயந்திரத்தின் இந்தப் பக்கம் அவள் ஈர விரிப்பை உள்ளே விடுவாள். அந்தப் பக்கம் நாத்தனார் வாங்கி மடிப்பாள். இருவரும் ஊரைவிட்டு வந்து நாலு வருஷம். இங்கே தங்க அனுமதி கேட்டுப் போட்ட மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

தமிழ் எழுத்தாளர் ஒருவரை இரண்டாம் வருஷம் பார்த்தாள். வெகுகாலம் முன்பே இங்கே வந்து குடியேறியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு மொழி வகுப்பு எடுத்தார். "உன் கதையைச் சொல்லும்மா, எழுதணும்" என்றார். மூன்று ஞாயிறு உட்கார்ந்து சொன்னாள். ஒரு மத்தியானம் ஜீப் வந்தது, வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள், எங்கே என்று இன்றுவரை தெரியாது.

"நீ என்ன பண்ணினே?"

"அடுப்பை அணைச்சேன் சார். அப்புறம் துணி மடிச்சேன்."

"வண்டிக்குப் பின்னாடி ஓடலையா? அழலையா?"

"இல்ல சார்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

புத்தகம் வந்தது. அதில் அவள் வெறுங்காலோடு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள், மாரில் அடித்துக்கொண்டாள், ஆறு நாள் படகில் கிடந்தாள், நடுக்கடலில் வயிற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். அவளுக்குப் பிள்ளையே உண்டாகவில்லை. வந்தது விமானத்தில். "ஆறு நாள் படகுல வந்திருக்கோம், ஒரு வாந்தி கூட எடுக்கலையே அண்ணி!" என்று நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். புத்தகத்துக்குப் பரிசு கிடைத்து, இந்த நாட்டு மொழியிலும் வெளிவந்தது. நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் அவளுடையது.

ஒருவழியாக விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அரை மணி நேரம் தேதிகளைக் கேட்டபின் அதிகாரி கைப்பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, நன்றிப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார்.

"இதுல படகுன்னு இருக்கு, மனுவுல விமானம்னு இருக்கு. எது பொய்னு கேக்கறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அது கதைங்க. மனுவுல இருக்கறதுதான் நடந்தது."

மொழிபெயர்ப்பாளர் அதிகாரி பேசுவதைக் கேட்டுவிட்டுத் தயங்கினார். "இந்தப் புத்தகம் ரெண்டு நாள் அவங்களைத் தூங்க விடலையாம். உங்க மனுவைப் படிச்சா ஒண்ணுமே தோணலையாம். புருஷனைப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்கு யாராவது துணி மடிப்பாங்களான்னு கேக்கறாங்க."

அவள் யோசித்துப் பார்த்தாள். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

"காய்ஞ்சிருந்துச்சுங்க" என்றாள்.

மூன்றாம் வாரம் மறுப்புக் கடிதம் வந்தது. அவர்கள் மனுவைக் கவனித்துக்கொண்ட வக்கீலம்மா படித்துக் காட்டினார். முன்னுக்குப் பின் முரண். உண்மையான துயரத்தின் அடையாளம் மனுதாரரிடம் காணப்படவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரோ வேறொருத்தியைப் பற்றிய புகார் போல இருந்தது. "மேல்முறையீடு போடலாம். ஆனா புத்தகத்துல இருக்கறது கற்பனைன்னு அவர் எழுதித் தரணும்" என்றார் வக்கீலம்மா.

நாத்தனார்தான் அவளை எழுத்தாளர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் காப்பி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போனது.

"மேடைக்கு மேடை நடந்த கதைன்னு சொல்லியிருக்கேன்மா. இப்ப கற்பனைன்னு எழுதிக் குடுத்தா நாலு பேர் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"உங்களைக் கிழிச்சா தைச்சுக்கலாம் சார்," என்றாள் நாத்தனார். "எங்களைத் திருப்பி அனுப்பிட்டா?"

அவர் நாத்தனாரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவள் ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்திருந்தாள். கெஞ்ச வேண்டும் என்று தெரிந்தது. வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஓட்டம், படகு, குழந்தை எல்லாம் தன் கற்பனை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசியில், "அவர் என்னிடம் சொன்னது மனுவில் உள்ளதைத்தான். வாசகருக்கு அது போதாது என்று நான் நினைத்தேன்" என்றிருந்தது.

மேல்முறையீட்டு நீதிபதி அதை ஏற்றார். இருவருக்கும் மூன்று வருஷ அனுமதி. வக்கீலம்மா அவளைக் கட்டிப்பிடித்தார். "சந்தோஷம்தானே?" என்றார். "ஆமாம்மா" என்றாள். கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

அனுமதி அட்டை வாங்கப் போன இடத்தில் இன்னொரு படிவம் கொடுத்தார்கள். மணமானவர், விதவை, விவாகரத்தானவர் என்று மூன்று கட்டம். அவள் எதையும் தொடாமல் நீட்டினாள். ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர் திருப்பித் தள்ளினார். ஒன்றைக் குறித்தே ஆக வேண்டுமாம்.

பேனா கட்டங்களுக்கு மேலேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். நாத்தனார் எட்டிப் பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில் அழுத்திக் குறித்தாள்.

"என் அண்ணன் செத்துட்டான்னு யாரும் நம்மகிட்ட வந்து சொல்லலையே அண்ணி" என்றாள்.

எழுத்தர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.