ஹஜ் ஊசி நாளில் யாருக்கும் இருமல் இல்லை

செதீஃப் நகரத்தில் மூக்கு ஒழுகினால் ஜனங்கள் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு இல்லை, முடிதிருத்தும் தய்யிப்பின் கடைக்கு. கத்தரிக்கோல் தலையைக் கவனிக்கும், வாய் ஊரைக் கவனிக்கும். ஈரத்தலையோடு வெளியே போனால் சளி நேராக நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்பார். பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக் இல்லாமல் விமோசனமே இல்லை என்பார். ஃப்ளூ ஊசி போட்டவனுக்குத்தான் ஃப்ளூ வரும், வேண்டுமானால் என் மச்சானைக் கேட்டுப் பார் என்பார். மச்சானை யாரும் கேட்டதில்லை. கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது எவன் எதிர்க்கேள்வி கேட்பான்?

அவர் கடையில் ரொம்பப் பிரசித்தமான கதை ஒன்று உண்டு. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பாவம், பல வருஷம் காத்திருந்து ஹஜ் குலுக்கலில் பெயர் வந்து, பயணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசிக்காகப் போனாராம். வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு இருமல். டாக்டர் பேனாவை எடுத்து, பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டாராம். ஜலதோஷத்தோடு ஊசி போட்டால் ஆள் காலி, அதனால்தான் என்று தய்யிப் விளக்கமும் சொல்வார். வருஷத்துக்கு வருஷம் கதை வளர்ந்தது. கடைசியாகச் சொன்னபோது அந்த ஆளின் மனைவி விமான நிலையத்தில் விழுந்து புரண்டு அழுதுகொண்டிருந்தாள். இதைத் தனக்கு யார் சொன்னார்கள் என்பது தய்யிப்புக்கே தெரியாது.

அந்த வருஷம் குலுக்கலில் அவர் மனைவி சுலீக்காவின் பெயர் வந்தது. இரண்டு பேரும் வருஷா வருஷம் பெயர் கொடுத்து, வருஷா வருஷம் வெறுங்கையோடு திரும்பியவர்கள். பெயரைப் படித்ததும் சுலீக்கா கூட்டத்துக்கு நடுவிலேயே குலவை போட்டாள். ஹஜ் போகிறவள் என்று அப்போதிருந்தே ஊர் அவளை ஹாஜ்ஜா என்று கூப்பிட ஆரம்பித்தது. அவளுக்குத் துணையாக தய்யிப்பும் போகலாம் என்றார்கள். மனிதர் தெருவில் நின்றுகொண்டு, தோளில் கிடந்த கடைத்துண்டால் முகத்தைப் பொத்தி, குழந்தை மாதிரி அழுதார். அன்று ராத்திரியே சுலீக்கா ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி, சர்க்கரை வேறு. அவர் வராமல் அவள் ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டாள். அவர் பெயர் போனால் அவள் பயணமும் போச்சு.

ஊசி போடும் வாரம் பார்த்து, சித்திரையும் பிறந்த பிறகு, மலைமேட்டு ஊரான செதீஃப்பில் வெண்பனி கொட்டியது. கடைக்கு வந்தவர்களெல்லாம் தய்யிப்பின் முகத்துக்கு நேராகத் தும்மினார்கள். மூன்றாம் நாள் அவருக்குத் தொண்டை கரகரத்தது. அப்புறம் மூக்கு. ஊருக்கெல்லாம் சொன்ன கதை இப்போது அவர் வாசலிலேயே வந்து நின்றது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஸாத்தர் இலைக் கஷாயத்தைக் கடையிலேயே காய்ச்சிக் குடித்தார். தேனும் ஆலிவ் எண்ணெயும் கலந்து விழுங்கினார். வீட்டில் இருமல் வந்தால் குளியலறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினார். சுலீக்காவுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள், இத்தனை வருஷம் ஆசைப்பட்டவள் மனசு உடைந்துவிடும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் அவள் கதவுக்கு வெளியே நின்று, ஏன் இப்படித் தண்ணீரை வீணாக்குகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். வழக்கமான சுலீக்காவாக இருந்தால் கதவைத் தட்டியே பெயர்த்திருப்பாள். அவள் சீக்கிரமே படுத்துவிடுவதும், ஷோர்பா சூப் வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் எழுந்துபோவதும் அவர் கண்ணில் படவில்லை. மனிதருக்குத் தன் மூக்குதான் உலகமாக இருந்தது.

ஊசி நாள் காலையில் இரண்டு பேரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். கூடம் நிறைய ஜனம். எல்லோரும் குலுக்கலில் பெயர் வந்தவர்கள், பாதிப் பேர் தய்யிப்பிடம் முடி வெட்டிக்கொள்பவர்கள். ஆனால் கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. தய்யிப் முதலில் பக்தி என்றுதான் நினைத்தார். உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எதிர் பெஞ்சில் மாவுக்கடைக்காரர் புஜெம்மா முகம் செக்கச் செவேல் என்று, கண்ணில் தண்ணீர் முட்ட, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாள் முக்காட்டை வாய்க்குள்ளேயே திணித்து வைத்திருந்தாள். மூலையில் ஒரு கிழவர் இருமலை அடக்கி அடக்கி, தோள் மட்டும் குலுங்க உட்கார்ந்திருந்தார். அடப் பாவமே, இத்தனை பேருக்கும் சளி. இத்தனை பேரும் அவர் கதையைக் கேட்டவர்கள்.

டாக்டர் நஸீமா, சின்ன வயசுக்காரி, மேசையிலிருந்து எழுந்து வந்து, யாருக்காவது காய்ச்சல், இருமல், உடம்புக்கு முடியாமல் இருக்கிறதா என்று கேட்டாள். அத்தனை தலைகளும் இல்லை என்று ஆடின. பனி கொட்டிய வாரத்தில் ஒரு ஊரே இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் ஆச்சரியப்பட்டுக்கொண்டே திரும்பிப் போனாள்.

சுலீக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள், தடுமாறினாள், அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கை, அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி சுட்டது. தய்யிப் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. உதடு வறண்டு வெடித்திருந்தது.

"உனக்குக் காய்ச்சலா?" என்று கிசுகிசுத்தார்.

"வாயை மூடு மனுஷா. மாத்திரை போட்டிருக்கேன். ஊசி மட்டும் போட்டுக்கிட்டா வீட்ல போய் விழுந்துடறேன்."

"எப்போலேருந்து?"

"பனி விழுந்ததுலேருந்து. நீ சொன்ன அந்தாள் மாதிரி என் பேரையும் அடிச்சுட்டா என்ன பண்றது? நடன்னா நட."

வாயைத் திறந்தால் பெயர் போகும். பல வருஷக் காத்திருப்பு, குலவை, பெட்டிக்குள் மடித்து வைத்த ஹஜ் வெள்ளைத் துணி எல்லாம் போகும். வாயைத் திறக்காவிட்டால், சர்க்கரையும் காய்ச்சலும் சேர்ந்த இந்த உடம்பில் ஊசி இறங்கும். கடைக்கு வருகிறவர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு, கதவைத் தாண்டியதும் மறந்துவிடுகிற ஜாதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இவள் நம்பியிருக்கிறாள். நம்பி, ராத்திரியெல்லாம் அவர் பக்கத்தில் கொதித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நாடகம் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

அவள் கையை விடாமலே மேசைக்குப் போனார்.

"டாக்டரம்மா, என் பொண்டாட்டிக்குக் காய்ச்சல் கொதிக்குது. சக்கரை வேற இருக்கு. பேரை அடிக்கணும்னா அடிச்சுக்குங்க. முதல்ல இவளைப் பாருங்க."

சுலீக்கா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "உன் வாயில மண்ணு விழ," என்றாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். தய்யிப் வெளியே நின்றார். கூடம் முழுக்க அவரை இழவு வீட்டுக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தது. புஜெம்மா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மக்கா வேண்டாம், மதீனா வேண்டாம், இவளை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடு என்று தய்யிப் வாய்விட்டே வேண்டிக்கொண்டார். வேண்டிய பிறகு, மக்கா வேண்டாம் என்று அல்லாவிடமே சொல்லிவிட்டோமே என்று அது வேறு பயமாக இருந்தது.

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நெஞ்சை நன்றாகக் கேட்டுப் பார்த்ததாகவும், நுரையீரலில் ஒன்றும் இல்லை என்றும், மூச்சுக்காற்று சரியாகப் போகிறது என்றும் சொன்னாள். ஃப்ளூ காய்ச்சல்தான். சர்க்கரை இருப்பதால் சும்மா விடக்கூடாது, மருந்து எழுதித் தருகிறேன், சர்க்கரையைத் தினமும் பார்க்க வேண்டும், நிறையத் தண்ணீர், நல்ல ஓய்வு, மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. இன்றைக்குச் சொன்னீர்களே, நல்லதாகப் போயிற்று என்றாள்.

"ஊசி?" என்றார் தய்யிப்.

"இவ்வளவு காய்ச்சலோட இன்னிக்கு வேணாம். இறங்கட்டும், அடுத்த வாரம் ஹாஜ்ஜாவைக் கூட்டிட்டு வாங்க. இன்னும் நாள் இருக்கு."

"பேரு?"

"பேருக்கு என்ன?"

"அடிக்கலையா?"

"காய்ச்சல் வந்ததுக்கா?" டாக்டருக்கு விளங்கவில்லை. "யார் சொன்னது உங்களுக்கு?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தய்யிப்பைப் பார்த்தார்கள். தப்பிக்க வழி இருக்கிறதா என்று அவர் வாசலைப் பார்த்தார். வாசலிலும் ஒரு வாடிக்கைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாம்மா," என்றார். "எனக்கு யார் சொன்னான்னு எனக்கே தெரியாது. நான்தான் ஊரெல்லாம் சொன்னேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தக்காளி மாதிரி பழுத்திருந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று அளந்து பார்த்தாள், இல்லை. வெறும் ஜலதோஷத்துக்கெல்லாம் ஊசியை நிறுத்துகிற வழக்கமே கிடையாது, சட்டையைக் கழற்றி உட்காருங்கள் என்றாள்.

தய்யிப் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்த தும்மல் ஒன்று கிளம்பி, கூடத்தின் ஜன்னல் அதிர வெளியே வந்தது. அவ்வளவுதான். புஜெம்மா வாயைத் திறந்து இருமித் தீர்த்தார். மூலைக் கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். முக்காட்டை வாயில் திணித்திருந்த அம்மாள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு இருமலுக்கு நடுவில் சொன்னாள். கூடமே இருமியது, தும்மியது, மூக்கைச் சிந்தியது, சிரித்தது. பணியாளர்கள் முகக்கவசப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டாக்டர் ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லி, ஒருவர் பாக்கியில்லாமல் காய்ச்சல் பார்க்கச் சொன்னாள்.

அதற்கப்புறம் கேள்விகள் வந்தன பாருங்கள், மடை திறந்த மாதிரி. ஃப்ளூ ஊசி போட்டால் ஃப்ளூ வருமா? வராது, கை கொஞ்சம் வலிக்கும், ஒருநாள் உடம்பு அசதியாக இருக்கலாம். ஈரத்தலையால் சளி பிடிக்குமா? சளி பிடிப்பது கிருமியால், தலைமேல் பழி போடாதீர்கள். பச்சைச் சளிக்கு ஆன்டிபயாடிக்? நிறத்தைப் பார்த்து நீங்களே வாங்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கூடம் திரும்பி தய்யிப்பைப் பார்த்தது. மச்சான் என்ன ஆனான் என்று புஜெம்மா கேட்டார். அவன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று முணுமுணுத்துவிட்டு, தய்யிப் இரண்டு கைகளையும் நீட்டி ஹஜ் ஊசி, ஃப்ளூ ஊசி இரண்டையும் வாங்கிக்கொண்டார். இந்த ஆளிடம் இனிமேல் முடியை மட்டும் கொடுங்கள், காதைக் கொடுக்காதீர்கள் என்று திரைக்குப் பின்னாலிருந்து சுலீக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் தய்யிப்புக்கு உயிர் வந்தது.

அந்த வாரம் கடை திறக்கவில்லை. தய்யிப் ஷோர்பா வைத்தார், உப்பு அதிகமானது. சுலீக்கா படுக்கையிலிருந்தபடியே அவரை வைதாள். வசவு நீள நீளக் காய்ச்சல் இறங்குகிறது என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார். அப்படியே இறங்கியும் விட்டது.

மறுபடி ஊசிக்குப் போனபோது அவளுக்கு இருமல் மட்டும் மிச்சம் இருந்தது. செவிலிப் பெண் கேட்பதற்கு முன்பே சுலீக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இருமல் இருக்கு, முட்டி வலி இருக்கு, சக்கரை இருக்கு, இந்த மனுஷன் இருக்கான். ஒண்ணையும் மறைக்கல. எல்லாத்தையும் எழுதிக்கம்மா."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே காய்ச்சல் பார்த்தாள், இல்லை என்றாள், ஊசியைப் போட்டாள். சுலீக்கா முகம் சுளிக்கவில்லை. சிவப்பு முத்திரை குத்திய அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் போறேன்ல? நிஜமாவே போறேன்ல?"

"போறோம்," என்றார் தய்யிப்.

வெளியே வராந்தாவில் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அட்டையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். தேற்றலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்த தய்யிப்பும், இரண்டு வார்த்தை சொல்வதற்குள் உடைந்துபோய் அழ ஆரம்பித்தார். உள்ளேயிருந்து செவிலிப் பெண் பதறிப்போய் ஓடி வந்தாள்.

"என்ன ஹாஜ்ஜா, ஊசி ரொம்ப வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லைம்மா," என்றாள் சுலீக்கா. "நீ போய் வேலையைப் பாரு. நாங்க இன்னும் கொஞ்சம் அழுதுட்டுப் போறோம்."